மாலை நேர அழுகையை வைத்துப் பாலை அளக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு இன்று 36 நாள். முதல் குழந்தை. 38-வது வாரத்தில் சிசேரியன். பிறந்த எடை 3.100 கிலோ. எனக்கு வலி அதிகமாக இருந்ததால் முதல் இரண்டு நாள் பவுடர் பால்தான் கொடுத்தார்கள். நான்காம் நாள்தான் மார்பு கனத்தது. 5-ம் நாள் எடை 2.860, 20-ம் நாள் 3.330, இன்று 3.980. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை சிறுநீர் போகிறான். சாயங்காலம் 6 மணிக்குத் தொடங்கினால் 9 மணி வரை ஒரே அழுகை. மார்பிலேயே கிடப்பான், எடுத்தால் கத்துவான். “பால் பத்தல, அதான் அழுவுறான்” என்றார் மாமியார். அதனால் 20-ம் நாளிலிருந்து சாயங்காலம் 60 மி.லி., இரவு 11 மணிக்கு 60 மி.லி. பவுடர் பால் கொடுக்கிறோம். கடகடவென்று குடித்துவிட்டுத் தூங்குகிறான். என் மார்போ முன்பு போலக் கனப்பதே இல்லை. பம்ப் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 30 மி.லி.தான் வருகிறது. இடது காம்பு வலிக்கிறது. குடித்து முடித்ததும் நசுங்கினாற்போல் வெளியே வருகிறது. அவனுக்கு 14 வாரம் ஆனதும் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்க என்னால் முடியுமா? மற்றவர்களால் முடிவது எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை?

பதில்: உங்கள் கேள்விக்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் எடைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

5-ம் நாள் 2.860, 20-ம் நாள் 3.330. பதினைந்து நாளில் 470 கிராம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 31 கிராம். அந்தப் பதினைந்து நாளும் அவன் குடித்தது உங்கள் பாலை மட்டும்தான். முதல் மூன்று மாதத்தில் ஒரு குழந்தை நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறினால் போதும். உங்கள் மகன் அந்த அளவின் மேல் விளிம்பில் இருந்திருக்கிறான். பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் எட்ட வேண்டும் என்பது அடுத்த அளவுகோல். இந்த வேகத்தில் 13-ம் நாள் வாக்கில் எட்டியிருப்பான். முதல் சில நாளில் அவன் இழந்தது 240 கிராம், பிறந்த எடையில் 8 விழுக்காட்டுக்கும் குறைவு. 10 விழுக்காட்டைத் தாண்டினால்தான் கவலையோடு காரணம் தேட வேண்டும். சிசேரியனின்போது தாய்க்கு ஏற்றும் திரவத்தில் கொஞ்சம் குழந்தைக்கும் போய், பிறந்த எடையைச் சற்றே கூட்டிக் காட்டுவதும் உண்டு.

ஆக, பவுடர் பால் தொடங்கிய அன்று உங்களுக்குப் பால் குறைவாக இல்லை. அன்று குறைவாக இருந்தது உங்கள் நம்பிக்கைதான். அதற்குப் பழி உங்கள் மேலும் இல்லை, பயந்துபோன உங்கள் மாமியார் மேலும் இல்லை. பால் போதுமா என்று பார்க்க வீட்டில் பொதுவாக எதைப் பார்க்கிறார்களோ, அவை பெரும்பாலும் தவறான அடையாளங்கள். நீங்கள் எழுதிய நான்கையும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, சாயங்கால அழுகை. பிறந்த இரண்டாம் வாரம் வாக்கில் தொடங்கி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்குகிற அழுகை இது. பவுடர் பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளும் இதே வயதில், இதே நேரத்தில் அழுகிறார்கள். அந்த நேரத்தில் அரை மணிக்கொரு தரம் மார்பு கேட்பதும் இந்த வயதின் இயல்பு. பசியால் அழும் குழந்தை நாள் முழுக்கச் சோர்ந்தோ அழுதோ கிடக்கும், சிறுநீரும் குறையும். உங்கள் மகன் ஏழெட்டு முறை போகிறான். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு முறை நன்றாக நனைத்தாலே போதும்.

இரண்டாவது, மார்பு கனக்காதது. முதல் வாரங்களில் ஏற்படும் கனத்தில் பால் மட்டும் இல்லை. அங்கே கூடுதலாகத் தேங்கும் இரத்தமும் நிணநீரும் சேர்ந்துதான் அந்த இறுக்கம். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் குழந்தை குடிக்கும் அளவுக்குச் சுரப்பு சரிப்பட்டுவிடும், மார்பு மென்மையாகிவிடும். சுரப்பு நின்றுவிட்டதென்று பலர் இந்த வாரத்தில்தான் புட்டியை எடுக்கிறார்கள். அழுகை உச்சத்துக்குப் போவதும் மார்பு இளகுவதும் ஒரே சமயத்தில் நேர்வதால் வருகிற குழப்பம் இது.

மூன்றாவது, பம்பில் வந்த 30 மி.லி. பம்ப் குழந்தை அல்ல. நல்ல எடை ஏறும் குழந்தையின் தாய்கூட, பால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து பம்ப் வைத்தால் 15 முதல் 60 மி.லி. வரைதான் எடுப்பார். புனல் அளவு பொருந்தாவிட்டாலோ, ‘எவ்வளவு வருகிறது’ என்று புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாலோ இன்னும் குறையும். பம்பில் வருவது பம்பில் வரும் அளவை மட்டுமே சொல்லும்.

நான்காவதுதான் எல்லோரையும் ஏமாற்றுவது: மார்பில் குடித்த பிறகும் புட்டியைக் கடகடவென்று குடிக்கிறானே என்பது. அண்ணத்தில் எது பட்டாலும் இந்த வயதுக் குழந்தை சப்பும். அனிச்சைச் செயல் அது. ரப்பர் காம்பைக் கவிழ்த்துப் பிடித்தால் சப்பாமலே பால் கொட்டும், கொட்டுவதை விழுங்கித்தான் ஆக வேண்டும். அப்புறம் வயிறு நிரம்பிய மயக்கத்தில் தூங்குவான். அந்தத் தூக்கத்தை வைத்து முன்பு பசியோடு இருந்தான் என்று முடிவு கட்ட முடியாது.

இனி, பால் எப்படிச் சுரக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தானே விளங்கும். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும், அதுவரை பால் பெருகாமல் தடுத்துவைத்த புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது. அதன் பின் 30 முதல் 72 மணி நேரத்தில் பால் பெருகத் தொடங்கும். முதல் பிரசவம், சிசேரியன், நீண்ட பிரசவ வலி, நீரிழிவு, அதிக உடல் எடை, அதிக இரத்தப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் இது ஓரிரு நாள் தள்ளிப்போகும். உங்களுக்கு முதல் இரண்டுமே இருந்தன. நான்காம் நாள் என்பது சற்றுத் தாமதம்தான், கோளாறு அல்ல. அதுவரை வரும் சீம்பால் கண்ணுக்குச் சொற்பமாகத் தெரியும். முதல் நாள் ஒரு குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பதே 2 முதல் 10 மி.லி. வரைதான், வயிறும் அதற்கேற்ற அளவுதான். இதைச் சொல்ல ஆளில்லாத இடத்தில், அந்த இரண்டு நாளில் 30, 40 மி.லி. என்று புட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். பிறகு மார்பில் வரும் சில துளிகள் குழந்தைக்கும் போதாது, பார்ப்பவர் மனதுக்கும் போதாது.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆனதும் சுரப்பை ஆள்வது பெரும்பாலும் ஒன்றுதான்: எவ்வளவு பால் வெளியே எடுக்கப்படுகிறது என்பது. மார்பில் பால் தேங்கி நின்றால், அந்தப் பாலில் இருக்கும் சில பொருள்களும் தேக்கத்தின் அழுத்தமும் சுரப்பு அணுக்களின் வேகத்தைக் குறைக்கும். காலியானால் வேகம் கூடும். இரண்டு மார்பும் தனித்தனியாக இதைச் செய்கின்றன. அதனால்தான் குழந்தை சரியாகக் கவ்வாத பக்கம் மட்டும் குறையும். மார்பின் பருமனுக்கும் சுரப்புக்கும் தொடர்பில்லை. தேக்கிவைக்கும் கொள்ளளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். கொள்ளளவு குறைவானவர் அடிக்கடி கொடுப்பார், கூடுதலானவர் இடைவெளி விட்டுக் கொடுப்பார். நாள் முடிவில் இரண்டு குழந்தைகளும் ஒரே அளவு குடித்திருப்பார்கள். மூன்று மணிக்கொரு முறை என்று கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பது முதல் வகைத் தாய்க்குப் பால் குறையக் காரணமாகிவிடும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை, கேட்கும்போதெல்லாம் என்பதுதான் பாதுகாப்பான கணக்கு.

இந்த இடத்தில் உங்கள் இரவு 11 மணிப் புட்டியைப் பாருங்கள். பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். அந்த நேரத்தில் புட்டி கொடுத்து, நீங்கள் ஐந்தாறு மணி நேரம் தூங்கினால் பால் தேங்குகிறது. இவ்வளவு தேவையில்லை என்ற தகவல் உடம்புக்குப் போகிறது. இப்போதைக்குப் பெரிய இழப்பில்லை. ஒரு மாதக் குழந்தை நாளுக்குச் சராசரியாக 750 மி.லி. குடிக்கும், நீங்கள் தரும் பவுடர் பால் 120 மி.லி. ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு இன்னும் உங்கள் பால்தான். ஆனால் 60 என்பது 90 ஆகி, இரண்டு வேளை மூன்று வேளையாகி, மார்பைக் கண்டால் முகத்தைத் திருப்பும் நிலைக்குப் போவது பெரும்பாலும் இப்படித் தொடங்கும் பாதையில்தான். இப்போதே கேட்டுவிட்டது நல்லது.

புட்டியைக் குறைக்கும் முன் இடது காம்பைச் சரி செய்யுங்கள். வரிசை மாறக் கூடாது. குடித்து முடித்ததும் காம்பு உருண்டையாக, நீளமாக வெளியே வர வேண்டும். நசுங்கி, ஒரு பக்கம் சரிவாக வருகிறதென்றால், குழந்தை காம்பை மட்டும் வாயின் முன்பகுதியில் வைத்து நாக்குக்கும் கடின அண்ணத்துக்கும் இடையில் அழுத்துகிறான் என்று பொருள். அவனுக்குப் பால் மெதுவாக வருகிறது, உங்களுக்கு வலிக்கிறது, வலியில், பாலை இறங்கச் செய்யும் ஆக்சிடோசின் ஹார்மோன் தடைபட்டுப் பால் வருவதும் தாமதமாகிறது. சாயங்காலம் மார்பிலேயே கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சிசேரியன் தையல் இன்னும் உறுத்தினால், இடது பக்கம் கொடுக்கும்போது குழந்தையை உங்கள் மடிக்குக் குறுக்காகப் போடாமல், இடது அக்குளுக்கு அடியில் அவன் கால்கள் பின்னோக்கி இருக்கும்படி அணைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் எடை விழாது. அவன் வாயும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவன் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு யாராலும் சரியாக விழுங்க முடியாது. உங்கள் கை அவன் தோளையும் கழுத்தடியையும் தாங்கட்டும், பின்மண்டையை அழுத்த வேண்டாம். அழுத்தினால் எதிர்த்துப் பின்னால் வளைவான். அவன் மூக்கு உங்கள் காம்புக்கு நேராக இருக்க வேண்டும், வாய் அல்ல. காம்பால் மேலுதட்டைத் தொடுங்கள். தலையை லேசாகப் பின்னுக்குச் சாய்த்து, கொட்டாவி விடுவது போல வாயைப் பெரிதாகத் திறப்பான். அந்த நொடியில் அவனை மார்பை நோக்கிக் கொண்டுவாருங்கள்; மார்பை அவன் வாய்க்குள் திணிக்காதீர்கள். முகவாய் முதலில் மார்பில் பதிய வேண்டும்.

சரியாகக் கவ்வியிருந்தால் முகவாய் மார்பில் அழுந்தியிருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், காம்பைச் சுற்றிய கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரியும். கன்னம் உள்ளே குழியாது. முதலில் வேகமாகச் சப்பி, பால் இறங்கியதும் மெதுவாக, ஆழமாக இழுத்து விழுங்குவான். விழுங்கும் ஓசை கேட்கும். முதல் அரை நிமிடத்துக்குப் பிறகும் வலி தொடர்ந்தால், பொறுத்துக்கொள்ளாமல் சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்து மறுபடி தொடங்குங்கள். இழுத்து எடுத்தால் காம்பு வெடிக்கும். இப்படி நான்கைந்து நாள் முயன்றும் காம்பு நசுங்கியே வந்தால், நாக்கின் அடியில் உள்ள சவ்வு இறுகியிருக்கிறதா என்று குழந்தை மருத்துவரையோ பாலூட்டல் ஆலோசகரையோ பார்க்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து பார்த்து மட்டும் தீர்மானிக்கக் கூடாது; அவன் குடிக்கும்போது பார்க்க வேண்டும்.

கவ்வுதல் சரியானதும் புட்டியைக் குறைக்கலாம். சட்டென்று நிறுத்த வேண்டாம். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டி ‘மெல்ல மெல்ல’ நிறுத்தும் பழக்கம் ஆபத்தானது. சத்து குறையும், இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரை போகலாம். டப்பாவில் உள்ள கரண்டிக் கணக்கு மாறக் கூடாது; மொத்த அளவுதான் குறைய வேண்டும். தனியாகத் தண்ணீரும் வேண்டாம்; தாய்ப்பாலில் 87 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான், வெயில் நாளிலும் அது போதும்.

முதலில் இரவுப் புட்டியைக் குறையுங்கள், ஏனென்றால் அப்போதுதான் உங்களிடம் பால் தாராளமாக இருக்கும். மூன்று நாள் 60-க்குப் பதில் 30 மி.லி.; அதற்கு முன் இரண்டு மார்பிலும் குடிக்க விடுங்கள். நான்காம் நாளிலிருந்து இரவில் மார்பு மட்டும். சாயங்கால 60-ஐ இதுவரை தொடாதீர்கள். ஏழாம் நாள் அதே தராசில், ஆடையும் நாப்கினும் இல்லாமல் எடை பாருங்கள். வெவ்வேறு தராசுகளுக்குள் 100 கிராம் வித்தியாசம் வருவது சாதாரணம். அந்த 100 கிராம் ஒரு குடும்பத்தையே பீதியில் தள்ளிவிடும். வாரத்துக்கு 140 கிராமுக்குக் குறையாமல் ஏறி, சிறுநீரும் ஆறு முறைக்குக் குறையாமல் இருந்தால், சாயங்காலப் புட்டியை மூன்று நாளுக்கு 20 மி.லி. வீதம் குறைத்து நிறுத்துங்கள். இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். இப்போது அவன் நாளுக்கு 40 கிராம் ஏறிக்கொண்டிருக்கிறான். பவுடர் குறையும்போது அது 25, 30-க்கு இறங்கினால் பயப்படாதீர்கள். அது இறக்கம் அல்ல, இயல்புக்குத் திரும்புவது.

இந்த வாரங்களில் காலை வேளையில் இரண்டு முறை, அவன் குடித்து முடித்ததும் கையாலோ பம்பாலோ பத்துப் பதினைந்து நிமிடம் பீய்ச்சி எடுங்கள். வருவது 10 மி.லி.யாக இருந்தாலும் சரி. அளவுக்காக அல்ல, காலி செய்வதற்காக எடுக்கிறீர்கள். கையால் எடுக்கும்போது காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிக் கட்டைவிரலை மேலும் மற்ற விரல்களைக் கீழும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கிப் பின்னால் தள்ளி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அழுத்தி, விடுங்கள். தோலின்மேல் விரலை இழுக்காதீர்கள், காம்பைப் பிதுக்காதீர்கள். எடுத்த பாலைச் சாயங்காலப் பவுடருக்குப் பதிலாகக் கிண்ணத்திலோ கரண்டியிலோ கொடுக்கலாம்.

சாயங்கால மூன்று மணி நேரத்துக்கும் ஒரு வழி சொல்ல வேண்டும். அவன் சப்புவது மெதுவாகி விழுங்குவது நின்றால், அந்த மார்பைக் கையால் மென்மையாக அழுத்திப் பிடியுங்கள். மறுபடி விழுங்கத் தொடங்குவான். அதுவும் நின்றதும் பக்கம் மாற்றுங்கள். திரும்ப முதல் பக்கம். சாயங்காலம் பால் மெதுவாக வரும், ஆனால் அந்தப் பாலில் கொழுப்பு கூடுதல். இரண்டு பக்கமும் குடித்த பிறகும் அழுதால், அவன் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கட்டும். தோலோடு தோல் ஒட்டியிருப்பது தாய்க்கு மட்டும் உரியதல்ல. உங்களுக்கும் சாப்பிட, கண் மூட அரை மணி கிடைக்கும்.

‘எனக்கு மட்டும் ஏன்’ என்று கேட்டிருந்தீர்கள். உலகம் முழுக்க ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள் 48 விழுக்காடு என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2023-ல் கணக்குச் சொன்னார்கள். பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வேறு பால், தண்ணீர், உணவு ஏதேனும் போகிறது. அத்தனை தாய்மாருக்கும் உடம்பில் கோளாறு என்று சொல்ல முடியுமா? பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட்டார்களா, முதல் நாட்களில் தாயும் குழந்தையும் ஒரே அறையில் இருந்தார்களா, காரணமில்லாமல் புட்டி கொடுத்தார்களா, கவ்வ வைக்கக் கற்றுக்கொடுக்க ஆள் இருந்ததா, வீட்டில் இருப்பவர்கள் என்ன நம்புகிறார்கள், விடுப்பு எத்தனை வாரம், தாய் மனச்சோர்வில் இருக்கிறாரா என்பவைதான் பெரும்பாலும் இதைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் தாயின் கையில் இருப்பது மிகக் கொஞ்சம். தாய்ப்பாலூட்டலுக்கு மருத்துவமனைகள் எப்படி உதவ வேண்டும் என்று 1989-ல் வந்து 2018-ல் திருத்தப்பட்ட பத்துப் படிகளும், 1981-ல் வந்த தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனை பற்றிய சர்வதேச நெறிமுறையும் தாய்க்குப் புத்தி சொல்ல எழுதப்பட்டவை அல்ல. மருத்துவமனையையும் நிறுவனங்களையும் நோக்கி எழுதப்பட்டவை.

உங்கள் மாமியாரிடம் வாதாட வேண்டாம். அவர் பயப்படுவது பேரனுக்காக. அடுத்த முறை எடை பார்க்கும்போது அவரையும் அழைத்துப் போங்கள். தராசைப் பார்த்து மருத்துவரே அவரிடம் சொல்லட்டும். நாப்கின் கணக்கெடுக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். அழுகையைக் கவனிக்கும் கண் நாப்கினைக் கவனிக்கத் தொடங்கினால் வீட்டின் பேச்சே மாறும்.

வேலைக்குத் திரும்புவது இன்னும் ஒன்பது வாரத்தில். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 183-வது உடன்படிக்கை சொல்லும் குறைந்தபட்ச மகப்பேறு விடுப்பும் 14 வாரம்தான். குழந்தைக்குப் பாலூட்ட, பணி நேரமாகவே கணக்கிடப்படும் இடைவேளையோ வேலை நேரக் குறைப்போ தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. உங்கள் அலுவலகத்தில் இந்த ஏற்பாடு உண்டா என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் அறையும் கிடைக்காது, நேரமும் கிடைக்காது. புட்டி நின்று சுரப்பு நிலைப்பட்ட பிறகு, திரும்புவதற்கு மூன்று வாரம் முன்பிலிருந்து தினமும் காலையில் ஒரு முறை எடுத்துச் சேர்த்தால் போதும். வீட்டை விட்டு இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 45 மி.லி. என்று கணக்கிடுங்கள், பத்து மணி நேரத்துக்கு 300 முதல் 450 மி.லி. முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் கையிருப்பு இருந்தால், பிறகு அன்றன்று அலுவலகத்தில் எடுப்பது மறுநாளுக்கு ஆகும். மூன்று மணி நேரத்துக்கொரு முறை எடுக்க வேண்டும். ஒரு முறை தவறினால் பரவாயில்லை, தினமும் தவறினால் இரண்டே வாரத்தில் சுரப்பு குறைவது தெரியும்.

எடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம், குளிர்பெட்டியில் 4 நாள், உறைபெட்டியில் 6 மாதம் வரை நன்றாக இருக்கும். ஒரு வேளைக்கு 60 முதல் 90 மி.லி. என்று சிறு அளவாக, தேதி எழுதி வையுங்கள். குளிர்பெட்டியின் கதவில் வைக்காதீர்கள், உள்பக்கம் வையுங்கள். உறைந்ததை உருக்கினால் 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. மைக்ரோவேவில் சூடாக்கினால் ஓரிடத்தில் கொதித்து இன்னோரிடத்தில் ஆறியிருக்கும், குழந்தையின் வாய் வெந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடேற்றுங்கள். வீட்டில் கொடுப்பவர் குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, புட்டியைக் கிடைமட்டமாக வைத்து, இடையிடையே நிறுத்தி, ஒரு வேளைக்குக் கால் மணி நேரமாவது எடுத்துக்கொள்ளட்டும். வேகமாகக் குடித்துப் பழகினால் மார்பின் வேகம் பிடிக்காமல் போகும்.

மருந்து பற்றி ஒன்று. குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை கேட்கும்போது பால் கொடுப்பதைச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ளவை பாலைக் குறைக்கும். மூக்கடைப்புக்கான சூடோஎபிட்ரின் மாத்திரையும் குறைக்கும். பால் ஊறுவதற்கென்று விற்கும் மாத்திரைகளைத் தானாக வாங்காதீர்கள். மார்பு காலியாகாமல் அவை எதுவும் செய்யாது. குழந்தைக்கு மருத்துவர் எழுதிய வைட்டமின் டி சொட்டு, மருந்து, வயிற்றுப்போக்கின்போது தரும் உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியவை ‘தாய்ப்பால் மட்டும்’ என்பதைக் கெடுக்காது. அவற்றை நிறுத்த வேண்டாம்.

உண்மையாகவே பால் போதாத தாய்மாரும் இருக்கிறார்கள், எண்ணிக்கையில் குறைவு என்றாலும். கருப்பையில் நஞ்சுக்கொடியின் துண்டு தங்கியிருப்பது, பிரசவத்தில் கடும் இரத்தப்போக்கு, தைராய்டு குறைவு, மார்பில் முன்பு நடந்த அறுவை, கர்ப்பத்தில் மார்பு சற்றும் மாறாமல் இருந்தது, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையோடு வரும் சுரப்பித் திசுக் குறைவு ஆகியவை காரணங்கள். இவர்களிடம் ‘முயன்றால் முடியும்’ என்று சொல்வது கொடுமை. பரிசோதனையும் சிகிச்சையும்தான் அவர்களுக்கு வேண்டும். கூடுதல் பால் தேவைப்பட்டால் அதைத் தயங்காமல் கொடுத்து, வருகிற தாய்ப்பாலையும் தொடர வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறிகள் எதுவும் இல்லை.

மேலே சொன்ன குறைப்பைத் தொடங்கும் முன் உங்கள் குழந்தை மருத்துவரிடம் இந்த எடைக் கணக்கைக் காட்டிவிடுங்கள். இடையில் ஒரு வாரத்தில் 140 கிராம்கூட ஏறாவிட்டால் குறைப்பதை நிறுத்தி, முந்தைய அளவுக்குத் திரும்பி, ஒரு முழு வேளை பாலூட்டலை அவர் நேரில் பார்க்கும்படி செய்யுங்கள். 24 மணி நேரத்தில் நான்கைந்து முறைக்கு மேல் சிறுநீர் போகாமல் இருப்பது, அது அடர் மஞ்சளாகவோ செங்கல் நிறக் கறையோடோ இருப்பது, பாலுக்கு எழுப்பினாலும் எழாமல் துவள்வது, உச்சிக்குழி உள்வாங்குவது, 38 டிகிரி காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே போக வேண்டும். உங்களுக்கு மார்பில் ஓரிடம் சிவந்து, கல்லாகி, குளிர்காய்ச்சல் வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அந்தப் பக்கம் பால் கொடுப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல், அழுகையாகவே வந்தால் அதையும் இதே மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்குப் பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன.